டேட்டுக்கு முந்தைய வாரம் மனம் புரண்டு போகிறதா? நாட்குறிப்பில் தொடங்கி மருந்து வரை

மாதவிடாய்க்கு முந்தைய ஒன்றிரண்டு வாரத்தில் மட்டும் காரணமில்லாத அழுகை, யார் பேசினாலும் எரிச்சல், இரவில் படபடப்பு. டேட் வந்த இரண்டு மூன்று நாளில் ஒன்றுமே நடக்காததுபோலத் தெளிவு. மாதாமாதம் இதுதான் கதை என்றால் தொடர்ந்து படியுங்கள்.

நான் டாக்டர் இல்லை. திருச்சியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். பொது மருத்துவர், லேப், கைனகாலஜிஸ்ட், மறுபடி லேப் என்று சுற்றிவிட்டுக் கடைசியில் மனநல மருத்துவரிடம் போய்ச் சேர்ந்து நிம்மதி அடைந்தவள். அந்தச் சுற்றில் பாதிக்கு மேல் தேவையே இல்லாதது. எல்லாவற்றையும் சுருக்கியது இரண்டு மாத நாட்குறிப்பு. அதனால்தான் அதைப் பற்றி இங்கே கொஞ்சம் நீட்டியே எழுதியிருக்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. அந்த நாள்களில் செத்துப்போகலாம் என்ற எண்ணமோ, உங்களையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வந்தால் நாட்குறிப்பெல்லாம் அப்புறம். 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்கு (அரசின் மனநல உதவி எண்) அழையுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணும், சென்னை சினேகா அமைப்பின் 044-24640050 எண்ணும் இருக்கின்றன. இல்லையென்றால் துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். "டேட் வந்தால் சரியாகிடும்" என்று காத்திருக்க வேண்டாம்.

1. உங்களுக்கு இருப்பது எந்த வகை என்று பாருங்கள்

டேட்டுக்கு முன் கொஞ்சம் சிடுசிடுப்பு, வயிறு உப்புசம், மார்பில் வலி ஆகியவை பெரும்பாலான பெண்களுக்கு வருவதுதான். வேலை ஓடுகிறது, வீடு ஓடுகிறது என்றால் அது பிஎம்எஸ். 3-ஆம் படியில் இருப்பவையே போதுமானதாக இருக்கலாம்.

வேலைக்குப் போக முடியவில்லை, உறவுகள் முறிகிற அளவுக்குச் சண்டை வருகிறது, வாழ்க்கையே வெறுத்துப்போகிறது என்ற நிலைக்குப் பிஎம்டிடி என்று பெயர். இதை ஒரு நோயாகவே மனநல மருத்துவம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற நோய்க் கையேட்டில் இது தனி நோயாக இடம்பெற்றது. அதன்படி, கடந்த ஒரு வருடத்தில் பெரும்பாலான சுழற்சிகளில், டேட்டுக்கு முந்தைய கடைசி வாரத்தில் குறைந்தது ஐந்து தொந்தரவுகள் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்றாவது மனம் சார்ந்ததாக இருக்க வேண்டும்: திடீர் மனநிலை மாற்றம், கடும் எரிச்சல், மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று. டேட் வந்த சில நாளில் தணிந்து, அதற்கடுத்த வாரம் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும்.

மூன்றாவது ஒரு வகை உண்டு, நிறையப் பேர் கோட்டைவிடுவது இதில்தான். மனச்சோர்வோ பதற்ற நோயோ மாதம் முழுக்க இருக்கும், டேட்டுக்கு முன் மட்டும் கூடும். இதற்கான வைத்தியம் வேறு. மூன்றையும் பிரித்துக் காட்டுவது ரத்தப் பரிசோதனை இல்லை, நாட்குறிப்புதான்.

2. இரண்டு சுழற்சிக்கு நாட்குறிப்பு எழுதுங்கள்

வீட்டில் தொங்கும் மாதக் காலண்டர் இதற்குப் போதாது. பால் கணக்கும் கேஸ் சிலிண்டர் வந்த தேதியும் ஏற்கெனவே அதில்தான் இருக்கும், வீட்டில் எல்லாரும் பார்ப்பார்கள். போனில் டேட் கணக்கு வைக்கும் ஆப்களில் பலவும் சிரித்த முகம், அழுத முகம் என்று பொம்மை போடுவதோடு சரி. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள், அது போதும்.

குறுக்கே இந்தக் கட்டங்களைப் போடுங்கள்:

- தேதி
- சுழற்சியின் எத்தனையாவது நாள் (ரத்தப்போக்கு சரியாகத் தொடங்கும் நாள் 1)
- எரிச்சல், கோபம்
- அழுகை, மனச்சோர்வு
- பதற்றம்
- தூங்கிய நேரம்
- உடம்பு: உப்புசம், மார்பு வலி, தலைவலி, கை கால் வீக்கம்
- அன்றைய வேலையோ உறவோ கெட்டதா
- ஒரு வரிக் குறிப்பு

தூங்கிய நேரத்தை மணிக்கணக்கில் எழுதுங்கள். மற்ற தொந்தரவுகளுக்கு 1 முதல் 6 வரை மதிப்பெண். 1 என்றால் சுத்தமாக இல்லை, 6 என்றால் தாங்கவே முடியவில்லை. டாக்டர்கள் பயன்படுத்தும் படிவங்களிலும் இதே அளவுகோல் உண்டு, அதனால் அவர்களுக்குப் படிக்கச் சுலபம்.

ஒரு வரிக் குறிப்பைக் கதையாக எழுதாதீர்கள், நடந்ததை மட்டும் எழுதுங்கள். "மனசே சரியில்லை" என்றால் டாக்டருக்கு ஒன்றும் புரியாது. என் நோட்டில் இருக்கும் ஒரு வரி இப்படி: "நாள் 23. எரிச்சல் 5, அழுகை 4, தூக்கம் 4 மணி நேரம். குழம்பில் உப்பு குறைவு என்று சொன்னதற்குத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனேன். பாத்ரூமில் அழுகை." பக்கத்தைத் திருப்பினால் நாள் 4-இல் எல்லாம் 1. குறிப்பில் "ரசம் நன்றாக வந்தது" என்று மட்டும். டாக்டர் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டுத் தலையாட்டினார். அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எழுதும்போது சறுக்கும் இடங்கள் சில உண்டு.

நல்ல நாள்களையும் கட்டாயம் எழுத வேண்டும். கெட்ட நாள்களை மட்டும் எழுதினால் அது வெறும் புகார்ப் பட்டியல். நடுவில் ஒரு வாரம் தொந்தரவே இல்லை என்பதுதான் முக்கியமான சாட்சி.

இரவு படுக்கும் முன் எழுதுங்கள். விட்டுப்போன நாளை நினைவிலிருந்து நிரப்பாமல் கோடு போட்டு விட்டுவிடுங்கள். நோட்டு எழுதச் சொல்வதற்குக் காரணமே ஞாபகம் ஏமாற்றும் என்பதுதான்.

கோயில் திருவிழா, கல்யாணம் என்று டேட்டைத் தள்ளிப்போட மாத்திரை போட்ட மாதத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மருந்துக்கடையில் சாதாரணமாகக் கேட்டு வாங்கும் அந்த நாரெத்திஸ்டிரோன் மாத்திரையும் ஹார்மோன்தான். சிலருக்கு அதுவே மனநிலையைக் கெடுக்கும். அந்த மாத நோட்டைப் பார்த்து யாரும் எதையும் முடிவுசெய்ய முடியாது. நோட்டு எழுதும் இரண்டு மாதமாவது அந்த மாத்திரைப் பக்கம் போகாமல் இருந்தால் நல்லது. "இந்த ஒரு தடவை மட்டும்" என்று மாமியாரோ அம்மாவோ சொன்னால், நோட்டு முடிந்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.

வெளிக் காரணங்களையும் குறித்துவையுங்கள். எங்கள் ஆபீஸில் மாதாமாதம் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் ஜிஎஸ்டி ரிட்டர்னுக்குக் கடைசி நாள். அந்த நாள்களில் ஆபீஸில் எல்லாருமே கடித்துத்தான் பேசுவோம். முதல் மாதம் டேட் 22-ஆம் தேதி வந்ததால், என் எரிச்சல் எல்லாம் ரிட்டர்ன் வேலையால் என்றே எடுத்துக்கொள்ளலாம்போல இருந்தது. அடுத்த மாதம் டேட் 18-ஆம் தேதிக்கு முன்னால் வந்துவிட்டது. எரிச்சலும் கூடவே முன்னால் நகர்ந்தது. 20-ஆம் தேதி, அத்தனை வேலைக்கு நடுவிலும், எரிச்சலுக்கு 2 தான். ஒரு மாத நோட்டை வைத்து இதைப் பிரித்திருக்க முடியாது. இரண்டு சுழற்சி கேட்பது இதற்காகத்தான்.

இரண்டு சுழற்சியும் முடிந்ததும் 4, 5, 6 வந்த கட்டங்களுக்கு மட்டும் கலர் பென்சில் அடியுங்கள். கலர் எல்லாம் டேட்டுக்கு முந்தைய நாள்களில் குவிந்து, சுமார் 5-ஆம் நாள் முதல் 12-ஆம் நாள் வரை வெள்ளையாக இருந்தால் பிஎம்எஸ் அல்லது பிஎம்டிடி என்ற பக்கம் சாயும். பக்கம் முழுக்கக் கலர் தெரிந்தால் முதல் படியில் சொன்ன மூன்றாவது வகையாக இருக்கலாம். எதுவானாலும் நோட்டை அப்படியே டாக்டரிடம் காட்டுங்கள். தீர்ப்பு அவருடையது.

3. நோட்டு எழுதும் இரண்டு மாதமும் சும்மா இருக்க வேண்டாம்

கால்சியம்: பிஎம்எஸ் தொந்தரவுகளுக்கு ஓரளவு ஆதாரம் உள்ள சத்து இது. வளர்ந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1000 மி.கி. தேவை. நூறு கிராம் கேழ்வரகில் 350 மி.கி. அளவுக்கு உண்டு, ஒரு டம்ளர் பாலில் 200-ஐத் தாண்டும். தயிர், எள், முருங்கைக்கீரை எல்லாம் சேர்ந்தால் மாத்திரை இல்லாமலே ஓரளவு எட்டிவிடலாம். மாத்திரையாக எடுத்தால் இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்காதீர்கள், இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் கால்சியம் குறைக்கும். தைராய்டு மாத்திரை போடுபவர்கள் நான்கு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும்.

பி6 வைட்டமின்: கொஞ்சம் உதவலாம். அதிக அளவில் நெடுநாள் போட்டால் கை கால் மரத்துப்போகும் நரம்புப் பாதிப்பு வரும். டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் வேண்டாம்.

பிரிம்ரோஸ் எண்ணெய்க் காப்ஸ்யூல்: நம் ஊரில் சர்வசாதாரணமாக எழுதித் தருகிறார்கள், விலையும் குறைவில்லை. மனநிலைத் தொந்தரவுக்கு இது வேலை செய்யும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. நான் காசு கொடுத்து வாங்கச் சொல்ல மாட்டேன்.

நொச்சி: "பிஎம்எஸ்ஸுக்கு வைடெக்ஸ் நல்லது" என்று இணையத்தில் படித்துவிட்டு வேலியோர நொச்சியைக் கஷாயம் வைப்பவர்கள் உண்டு. ஆய்வுகள் நடந்தது ஐரோப்பாவில் வளரும் வைடெக்ஸ் ஆக்னஸ் காஸ்டஸ் பழத்தின் சாற்றை வைத்து. நம் நொச்சி வைடெக்ஸ் நெகுண்டோ. ஒரே குடும்பம், ஆனால் வேறு செடி. நொச்சியில் ஆவி பிடியுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேர வேக நடை, ஒரே நேரத்தில் படுத்து எழுவது, மாலை நான்கு மணிக்கு மேல் காபி வேண்டாம் என்ற கட்டுப்பாடு ஆகிய மூன்றும் காசில்லாதவை. அந்த வாரத்தில் விரதம் வந்தால் முழுப் பட்டினி கிடக்காதீர்கள். பசி எரிச்சலை இரட்டிப்பாக்கும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றை அந்த நாள்களில் குறைத்தால் உப்புசம் கொஞ்சம் தணியும்.

இவையெல்லாம் சாதாரண பிஎம்எஸ்ஸுக்குப் போதலாம். பிஎம்டிடிக்குப் பெரும்பாலும் போதாது. "வாக்கிங் போ, யோகா பண்ணு, எல்லாம் சரியாகிடும்" என்று சொல்பவர்களிடம் விவாதம் செய்து சக்தியை வீணாக்காமல் அடுத்த படிக்குப் போங்கள்.

4. தேவையான டெஸ்ட் மட்டும் எடுங்கள்

எனக்கு அதிகப் பணம் போன இடம் இது. ஒரு லேபில் "பெண்கள் ஹார்மோன் பேக்கேஜ்" என்று ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், எஃப்எஸ்ஹெச், எல்ஹெச், புரோலாக்டின் என அடுக்கி ஆயிரக்கணக்கில் வாங்கிவிட்டார்கள். எல்லாம் நார்மல். "ஒன்றுமில்லம்மா" என்று அனுப்பிவிட்டார்கள்.

பிஎம்டிடி உள்ளவர்களுக்கு ஹார்மோன் அளவு பொதுவாக நார்மலாகத்தான் இருக்கும். கருமுட்டை வெளியான பிறகு ஹார்மோன் ஏறி இறங்குவதற்கு மூளை காட்டும் எதிர்வினைதான் வேறுபடுகிறது. அதை எந்த ரத்தப் பரிசோதனையும் காட்டாது. ஆகவே ரிப்போர்ட் நார்மல் என்பதால் உங்களுக்குத் தொந்தரவு இல்லை என்று ஆகிவிடாது.

பயனுள்ளவை இரண்டு: தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், ரத்தசோகைக்கு ஹீமோகுளோபினோடு கூடிய ரத்த அணுக்கள் கணக்கு. தைராய்டும் ரத்தசோகையும் இதே மாதிரி சோர்வையும் எரிச்சலையும் தரும் என்பதால் அவை காரணமில்லை என்று உறுதிசெய்துகொள்ளத்தான் இந்த டெஸ்ட். நான் விசாரித்த வரையில் தனியாரில் இரண்டும் சேர்ந்து ஐந்நூறிலிருந்து எண்ணூறு ரூபாய்க்குள் முடியும். அரசு மருத்துவமனையில் டாக்டர் எழுதிக் கொடுத்தால் இலவசம். டேட் ஒழுங்கில்லாமல் வந்தாலோ, முகத்தில் முடி வளர்ந்தாலோ, ரத்தப்போக்கு மிக அதிகமாக இருந்தாலோ ஸ்கேன் உள்ளிட்ட மற்றவை தேவைப்படலாம். அதை டாக்டர் சொல்லட்டும், லேபின் விலைப் பட்டியல் சொல்ல வேண்டாம்.

5. யாரிடம் போவது, எவ்வளவு ஆகும்

உடம்புத் தொந்தரவு அதிகம், கருத்தடையும் வேண்டும், டேட் ஒழுங்கில்லை என்றால் முதலில் கைனகாலஜிஸ்ட். மனம்தான் முக்கியப் பிரச்சினை என்றால் நேராக மனநல மருத்துவர். எதற்கும் பொது மருத்துவரிடம் ஒரு தடவை போய் டிஎஸ்ஹெச், ஹீமோகுளோபின் முடித்துக்கொள்ளலாம்.

தனியாரில் கைனகாலஜிஸ்ட், மனநல மருத்துவர் இருவருமே எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு தடவைக்கு 400 முதல் 1000 ரூபாய் வரை வாங்குகிறார்கள். சென்னையில் கூடும். மருத்துவக் காப்பீடு இருந்தாலும் பெரும்பாலான பாலிசிகள் வார்டில் சேர்ந்தால்தான் பணம் தரும். ஓபி செலவும் மாத்திரையும் நம் கையிலிருந்துதான்.

அரசில் ஓபி சீட்டு, மருந்து எல்லாம் இலவசம். எல்லா அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது: திருச்சி புத்தூர் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனை, மதுரை ராஜாஜி மருத்துவமனை, கோவை அரசு மருத்துவமனை எல்லாம் இதில் சேரும். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும் உண்டு. தாலுகா மருத்துவமனைகளுக்கு மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் குறிப்பிட்ட நாளில் மட்டும் வருவார், எந்த நாள் என்று விசாரித்துவிட்டுப் போங்கள். ஓபி காலையில்தான். சீட்டு வாங்க, வரிசையில் நிற்க, டாக்டரைப் பார்க்க, மருந்து வாங்க என்று அரை நாள் போய்விடும். கூட்டத்தில் டாக்டர் உங்களுக்குத் தரும் நேரம் குறைவு. கலரடித்த நோட்டு அங்கேதான் இரண்டு மடங்கு உதவும்.

எடுத்துப்போக வேண்டியவை:

- ஆதார் அட்டை, போன்
- நாட்குறிப்பு நோட்டு, கூடவே கலரடித்த பக்கங்களின் ஜெராக்ஸ்
- பழைய ப்ரிஸ்கிரிப்ஷன்கள், இப்போது போடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள் (சித்த, ஆயுர்வேத, ஹோமியோ உட்பட)
- டிஎஸ்ஹெச், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்
- ஒரு தாளில் பதில்கள்: குடும்பத்தில் யாருக்காவது பைபோலார் எனும் இருதுருவ மனநோய் உண்டா, உங்களுக்குக் கண்ணில் பூச்சி பறக்கும் ஒற்றைத் தலைவலி உண்டா, காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வந்ததா, பிரஷர் உண்டா, குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்களா

கடைசி வரியை அலட்சியம் செய்ய வேண்டாம். எந்த மருந்து உங்களுக்கு ஆகும், எது ஆகாது என்பது அந்தப் பதில்களைப் பொறுத்தது.

"மனநல ஓபி சீட்டு வீட்டில் இருந்தால் கல்யாணப் பேச்சுக்கு இடைஞ்சல்" என்ற பயம் பலருக்கு உண்டு, புரிகிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம். பதினெட்டு வயதானவர் தானே போய் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம், வீட்டு ஆள் கையெழுத்து தேவையில்லை.

6. டாக்டர் அறையில்

உள்ளே போனதும் வாழ்க்கைக் கதையில் தொடங்காதீர்கள். மூன்று வாக்கியம் போதும்: "டேட்டுக்குப் பத்து நாள் முன்னாடி எரிச்சலும் அழுகையும் வருது. டேட் வந்த மூணாம் நாள் சரியாயிடுது. ரெண்டு மாசம் எழுதிவச்சிருக்கேன், பாருங்க டாக்டர்." நோட்டை மேஜையில் வையுங்கள்.

கூட வரும் அம்மாவோ கணவரோ நமக்காகப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். "இவ சின்ன வயசுலேருந்தே கோவக்காரி டாக்டர்" என்றால் அறையில் இருப்பவர்களின் கவனம் அங்கே போய்விடும். ஐந்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். தற்கொலை எண்ணம், தாம்பத்திய விஷயம், கருத்தடை எல்லாம் அந்த ஐந்து நிமிடத்துக்கானவை.

"கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்", "ஒரு குழந்தை பெற்றுக்கொள்" என்று சொல்லும் டாக்டர்களும் உண்டு. எனக்குச் சொன்னவர் நோட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கர்ப்ப காலத்தில் சுழற்சி நிற்பதால் தொந்தரவு நிற்கும், பிரசவத்துக்குப் பின் சுழற்சி திரும்பும்போது அதுவும் திரும்பலாம். கல்யாணம், குழந்தை என்று வைத்தியம் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வேறு டாக்டரைப் பாருங்கள்.

7. மருந்து என்றால் என்ன எதிர்பார்க்கலாம்

பிஎம்டிடிக்கு முதலில் தரப்படுவது எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள்: ஃப்ளூயோக்ஸெடின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம் போன்றவை. மனச்சோர்வு நோய்க்குத் தருபவையும் இவைதான். ஆனால் அங்கே பலன் தெரியச் சில வாரம் ஆகும், இங்கே சில நாளிலேயே தெரியும். அதனால் மாதம் முழுக்கப் போடாமல், டேட்டுக்கு முந்தைய 14 நாள் மட்டும் போடும் முறையும் உண்டு. நிறையப் பேருக்கு இது தெரியாது. தினமும் மாத்திரை என்று கேட்டதுமே பயந்து வைத்தியத்தையே விட்டுவிடுகிறார்கள். "பாதி மாதம் மட்டும் போடலாமா டாக்டர்?" என்று கேளுங்கள்.

தொடங்கும் நாளை அடுத்த டேட்டிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். 30 நாள் சுழற்சி என்றால் ஏறக்குறைய 16-ஆம் நாள், 26 நாள் என்றால் 12-ஆம் நாள். டேட் எப்போது வரும் என்றே தெரியாதவர்களுக்கு இந்தக் கணக்கு உதவாது. அவர்களுக்கு மாதம் முழுக்கப் போடும் முறைதான்.

முதல் சில நாள் குமட்டல், தலைவலி, தூக்கக் கோளாறு வரலாம், பெரும்பாலும் தணியும். தாம்பத்திய ஆசை குறைவது சிலருக்கு நீடிக்கும். சொல்லக் கூச்சப்படாதீர்கள், மருந்தையோ அளவையோ மாற்றுவார்கள். மாதம் முழுக்கப் போடுபவர்கள் திடீரென்று நிறுத்தக் கூடாது. 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று வீட்டில் ஒருவர் கவனிக்க வேண்டும்.

விலைக்குப் பயப்பட வேண்டாம். ஃப்ளூயோக்ஸெடின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. 20 மி.கி. பத்துக் காப்ஸ்யூல் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ இருந்தால் இன்னும் மலிவு. ப்ரிஸ்கிரிப்ஷன் இல்லாமல் வாங்காதீர்கள், தோழி போடுவதைப் பகிர்ந்து போடாதீர்கள். குடும்பத்தில் பைபோலார் உள்ளவருக்கு இதே மாத்திரை வேறு விதமாகத் திரும்பிவிடலாம்.

இரண்டாவது வழி, டிராஸ்பிரினோன் சேர்ந்த கருத்தடை மாத்திரை. 24 நாள் மருந்து, 4 நாள் வெறும் மாத்திரை என்ற வகைக்குத்தான் பிஎம்டிடியில் ஆதாரம் இருக்கிறது. மாதத்துக்கு முந்நூறு முதல் ஐந்நூறு ரூபாய் ஆகலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் மாலா-என் கருத்தடைக்கு நல்லது. ஆனால் அதில் இருப்பது லெவோநார்ஜெஸ்ட்ரல், அதை இதற்குப் பதிலாக எடுத்துக்கொள்ள முடியாது. ரத்தக்கட்டி வந்தவர்கள், கண்ணில் பூச்சி பறக்கும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், பிரஷர் அதிகம் உள்ளவர்கள், 35 வயதைத் தாண்டிப் புகைப்பவர்கள் ஆகியோருக்கு இவ்வகை மாத்திரை ஆகாது.

ஒரு எச்சரிக்கை. "தூங்கினால் சரியாகிடும்" என்று அல்பிரசோலம் மாதிரியான மாத்திரையை மட்டும் எழுதித் தந்தால், எத்தனை நாளைக்கு, எப்போது நிறுத்துவது என்று அங்கேயே கேளுங்கள். பழக்கமாகிவிடும் வகை அது.

8. கவுன்சலிங்

சிபிடி எனும் பேச்சு வழிச் சிகிச்சை, அந்த நாள்களில் ஓடும் எண்ணங்களைக் கையாளப் பழக்கும். மருந்து வேண்டாம் என்பவர்களுக்கும், மருந்தோடு சேர்த்து வேண்டும் என்பவர்களுக்கும் உதவும். தனியாரில் ஒரு அமர்வுக்கு 800-க்கு மேல் ஆகும், பல அமர்வுகள் தேவைப்படும். அரசு மனநலப் பிரிவில் உளவியலாளர் இருந்தால் இலவசம். போகுமுன் அவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டா என்று கேளுங்கள். சில வாரச் சான்றிதழ் படிப்போடு போர்டு மாட்டியவர்களும் இருக்கிறார்கள்.

9. வீட்டிலும் ஆபீஸிலும்

வீட்டில் விளக்கம் சொல்ல நல்ல நேரம் டேட் முடிந்த வாரம். அந்தக் கெட்ட வாரத்துக்குள் சொன்னால் அதுவே சண்டையாகும். கணவரிடம் நோட்டின் கலர் பக்கத்தைக் காட்டிவிட்டு, அந்த நாள்களில் என்ன வேண்டும் என்று குறிப்பாகச் சொல்லுங்கள்: "அந்த வாரம் ராத்திரி பாத்திரம் நீங்க கழுவுங்க, பணக் கணக்கு பேச வேண்டாம்." வேலையை விடுவது, நகை அடகு வைப்பது, பிரிவது மாதிரியான பெரிய முடிவுகளை 5-ஆம் நாளுக்குப் பிறகு என்று தள்ளிவையுங்கள். "உனக்கு டேட் வரப்போகுதா?" என்று நியாயமான கோபத்தையும் தட்டிக்கழிக்க இந்த நோட்டை யாரும் பயன்படுத்த விடாதீர்கள். 8-ஆம் நாளிலும் அதே விஷயத்துக்குக் கோபம் வந்தால் பிரச்சினை அந்த விஷயத்தில்தான்.

தமிழ்நாட்டில் எல்லா நிறுவனங்களுக்குமான மாதவிடாய் விடுப்புச் சட்டம் கிடையாது. அப்படி ஒரு சட்டம் இருந்தாலும் நம் தொந்தரவு ரத்தப்போக்குக்கு முந்தைய நாள்களில் என்பதால் பெரிதாக உதவாது. இரண்டு கேஷுவல் லீவைச் சேமித்துவைப்பதும், சண்டைக்கார கிளையண்ட்டின் போனை அந்த வாரம் வேறொருவரிடம் தள்ளுவதும்தான் என் வழி. மெடிக்கல் சர்டிஃபிகேட் தேவைப்பட்டு, மனநல மருத்துவரின் லெட்டர்ஹெட் வேண்டாம் என்று தோன்றினால், கைனகாலஜிஸ்ட்டிடமோ பொது மருத்துவரிடமோ கேட்டு வாங்கலாம்.

10. எப்போது திரும்பப் போக வேண்டும்

நோட்டு இரண்டு சுழற்சி, டாக்டர், டெஸ்ட், அப்புறம் மருந்தின் பலனைப் பார்க்க இரண்டு மூன்று சுழற்சி என்று கணக்குப் போட்டால் ஆறு மாதம் ஆகும். மருந்து தொடங்கிய பிறகும் நோட்டை நிறுத்தாதீர்கள். 5, 6 எல்லாம் 2, 3 ஆகிறதா என்று பார்த்துத்தான் டாக்டர் அளவைக் கூட்டுவார், குறைப்பார். மூன்று சுழற்சியாகியும் மாற்றமில்லை என்றால் மாதம் முழுக்கப் போடும் முறைக்கோ வேறு மருந்துக்கோ மாறலாம். அதுவும் உதவாதவர்களுக்குக் கருமுட்டை உருவாவதையே நிறுத்தும் ஊசி வரை வழிகள் உண்டு, அது சிறப்பு மருத்துவரின் வேலை.

குழந்தைக்குத் திட்டமிட்டால் மூன்று மாதம் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக மருந்தை நிறுத்த வேண்டாம். எதிர்பாராமல் டேட் தள்ளிப்போனால் முதலில் கர்ப்பப் பரிசோதனை, உடனே டாக்டருக்கு போன். நாற்பது வயதைத் தாண்டி டேட் முன்னும் பின்னும் வர ஆரம்பித்தால் 14 நாள் கணக்கு குழம்பும், மருந்து முறையை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். போகும்போது பழைய நோட்டையும் எடுத்துப்போங்கள். அரசு மருத்துவமனையில் அடுத்த தடவை வேறு டாக்டர் உட்கார்ந்திருப்பார்.